சம்பந்தி அம்மாவுக்கு மூன்று மார்க்

ஒரு பொருளைப் பற்றி அளவுக்கு மேல் படித்தவன் கையில் அந்தப் பொருளைக் கொடுக்கக் கூடாது. இது நானே பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. தெரிந்துகொண்ட அந்த நிமிடத்தில் என்னைச் சுற்றி அறுபது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் என் தங்கையின் வருங்காலப் புகுந்த வீட்டார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வாடகை வீடு. அப்பா, அம்மா, தங்கை சுதா, நான். கிண்டி எஸ்டேட்டில் வேலை. வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குவது என்று நான் முடிவெடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வாங்கத்தான் இல்லை. (என்னோடு வேலை பார்த்த ஒருவன் அதே நான்கு மாதத்தில் காதலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டான். அவனை நான் அவசரக்காரன் என்று நினைத்தேன்.)

கேமராவுக்கென்று இருநூறு பக்க நோட்டு ஒன்று போட்டிருந்தேன். அதில் கட்டம் கட்டி, பதினான்கு மாடல்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மெகாபிக்சல், ஜூம், பேட்டரி, எடை என்று நிரப்பியிருந்தேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'கையில் பிடித்தால் எப்படி இருக்கிறது'. அதில் பெரும்பாலும் 'நன்றாக இருக்கிறது' என்றே எழுதியிருக்கும். எல்லாமே கையில் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் சிக்கல்.

அப்பா ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மெகாபிக்சல்னா என்னடா?"

"ஒரு படத்துல எத்தனை புள்ளி இருக்குன்னு அர்த்தம்பா. அஞ்சு மெகாபிக்சல்னா அம்பது லட்சம் புள்ளி."

அப்பா சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தைப் பார்த்தார். "அதுல எத்தனை புள்ளி?"

"அதுல அந்தக் கணக்கே கிடையாதுப்பா. அது பிலிம்."

"ஓ, புள்ளியே இல்லாமதான் அவ்ளோ தெளிவா இருக்கா" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பருக்குத் திரும்பினார். நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். அவர் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆனால் தி.நகர். பனகல் பார்க்கில் இறங்கி, பாண்டி பஜாரில் நாலைந்து கேமராக் கடைகள் ஏறி இறங்குவேன். ஒரு கடையில் இருந்த விற்பனையாளர் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் கேட்டே விட்டார். "இன்னா சார், போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்டுக்கினு கீற. கேமராவும் அதேதான் கீது, நானும் அதே ஆளுதான். இன்னா மாறிடும்னு பாக்குற?"

மாதிரி காட்ட ஒவ்வொரு கேமராவிலும் அவர் என்னைத்தான் படமெடுப்பார். மற்ற கடைகளிலும் அப்படித்தான். ஆக, தி.நகரில் விற்பனைக்கு இருந்த பாதிக் கேமராக்களுக்குள் என் முகம் இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சந்தேகத்தோடு. ஒருமுறை வேறொரு வாடிக்கையாளர் தன் கையிலிருந்த கேமராவின் திரையைப் பார்த்து, என்னையும் பார்த்து, "நீங்க இந்தக் கம்பெனி ஆளா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை.

இப்படியே ஓய்வுபெறும்வரை நான் கேமரா தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்குள் சுதாவுக்கு வரன் அமைந்துவிட்டது.

மாப்பிள்ளை பெயர் முரளி. சொந்த வீடு அடையாறில், வேலை ஜெர்மனியில். இரண்டு வார விடுமுறையில் வந்து, பெண் பார்த்து, எங்கள் மொட்டை மாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவே சுதாவோடு இருபது நிமிடம் பேசிவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். சுதாவும் சரி என்று சொல்லிவிட்டாள். (எனக்கு ஒரு கேமராவோடு நான்கு மாதம். அவளுக்கு ஒரு ஆளோடு இருபது நிமிடம்.) பூ வைக்கிற விசேஷத்தைப் பத்து நாளில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் தலையில் பூ வைத்தால் நிச்சயம் ஆனதாக அர்த்தம். அதற்கு மாப்பிள்ளை இருக்க வேண்டுமென்று எங்கள் பக்கம் கட்டாயம் இல்லை.

ஆனால் முரளி போனில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார், அன்றைக்கு எடுக்கிற படத்தை அன்றைக்கே மெயிலில் அனுப்ப முடியுமா என்று. சுதா அதை என்னிடம் வந்து சொன்னாள்.

"அண்ணா, எனக்கு ஒரே ஒரு படம் போதும். அத்தை பூ வைக்கும்போது. அதுல நான் நல்லா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள அவருக்குப் போய்ச் சேரணும். உன்னால முடியுமா, இல்ல ஸ்டூடியோக்காரரையே கூப்பிட்டுக்கலாமா? நிஜத்தைச் சொல்லு."

எதற்கும் அதிகம் வாய் திறக்காத பெண் அவள். அந்த ஒரு படம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் சொன்ன பதில், "ஒரு படமா? ஆயிரம் படம் எடுக்கறேன். நீ தேர்ந்தெடுத்துக்கோ."

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வழக்கமாக வருகிற ஸ்டூடியோக்காரரிடம் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல அப்பா போனபோது நானும் கூடப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எதுக்கும் இருக்கட்டும் சார், ஒரு ரோல் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

"ரோலுக்கு முப்பத்தாறு படம்தான் சார் வரும்" என்று நான் அவருக்கே சொன்னேன். "டிஜிட்டல்ல அந்த மாதிரிக் கணக்கெல்லாம் கிடையாது."

"அப்படிங்களா" என்றார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

விசேஷத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ராகு காலம் கழியட்டும் என்று பத்தரை வரை அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்து, பிறகு அனுப்பினாள். கடையில் நான் ஐந்து மெகாபிக்சல் கேமராவைக் காட்டி "இதைக் குடுங்க" என்றதும் அந்தப் பொறுமைசாலி ஒரு நொடி அசையாமல் நின்றார். "வாங்கவா வந்த?" என்றார். பில் போடும்போது, "சார், கார்டு ஒண்ணு எக்ஸ்ட்ரா எடுத்துக்கோ. பெட்டியில வர்றது ரொம்ப சின்னது" என்றார்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஏமாறக் கூடாதவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. கேமரா வாங்கும்போது கடைக்காரர்கள் நம் தலையில் கட்டப் பார்க்கும் சாமான்கள். பை, முக்காலி, துடைக்கிற துணி, கார்டு. நான் மெல்லச் சிரித்து, "வேண்டாங்க" என்றேன். நாலு மாதப் படிப்பு வீண்போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

"உன் இஷ்டம் சார்" என்று அவர் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் பூஜை. புதிதாக வாங்கியது எதுவானாலும் பிள்ளையார் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இடாமல் அம்மா விடமாட்டாள். விரலில் சந்தனத்தோடு அவள் நேராக லென்ஸை நோக்கி வந்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன். "அது கண்ணும்மா. கண்ணுல யாராவது பொட்டு வைப்பாங்களா?" "அப்போ நெத்தி எதுடா?" என்று கேட்டாள். பதினான்கு மாடல்களை ஆராய்ந்தவனுக்குக் கேமராவின் நெற்றி எது என்று தெரியவில்லை. கடைசியில் பிளாஷுக்கு மேலே இருந்த சின்ன இடத்தை நெற்றி என்று மூவருமாக ஒப்புக்கொண்டோம்.

கேமராவில் படத்தின் தரத்தை மூன்று நிலைகளில் வைக்கலாம். நான் மிக உயர்ந்ததில் வைத்தேன். ஐம்பது லட்சம் புள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் குறைந்த புள்ளியில் படமெடுக்க எனக்கென்ன பைத்தியமா. பிறகு பிள்ளையாரை நோக்கிப் பிடித்தேன். திரையின் மூலையில் ஓர் எண் தெரிந்தது. 9.

கூட வந்த கையேட்டை நான் படிக்காமல் இல்லை. மூன்று மொழிகளில் படித்தேன் (இரண்டு எனக்குத் தெரியாத மொழிகள்). ஆனால் 'தொடங்கும் முன்' என்ற பகுதியை மட்டும், அது ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்று தாண்டிவிட்டேன். அந்த எண் அங்கேதான் விளக்கப்பட்டிருந்தது.

"அது என்ன ஒன்பது?" என்றார் அப்பா.

வெளிச்சத்தையும் கோணத்தையும் கேமராவே கணித்துச் சொல்லும் என்று எங்கோ படித்த மாதிரி இருந்தது. நாலு மாதம் படித்தவனுக்கு எல்லாமே எங்கோ படித்த மாதிரிதான் இருக்கும். "மார்க்குப்பா" என்றேன். "படம் எப்படி வரும்னு கேமராவே பத்துக்கு மார்க் போடுது."

எங்கள் வீட்டில் இதை யாரும் சந்தேகப்படவில்லை. மார்க் போடுவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். அப்பா உடனே, "மிச்சம் ஒரு மார்க் எங்க போச்சு?" என்றார். பள்ளிக்கூட நாட்களில் என்னிடம் கேட்ட அதே குரல். வெளிச்சம் போதவில்லை என்றேன். அம்மா டியூப்லைட்டைப் போட்டாள். அப்போதும் ஒன்பதுதான். "பிள்ளையாருக்கே பத்து போடலியே, ரொம்பக் கறாரான கேமராதான்" என்று அம்மா மரியாதையோடு சொன்னாள்.

பிள்ளையாரை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, "பிடிக்கலைன்னா அழிச்சிடலாம்" என்று அழித்தும் காட்டினேன். அடுத்து அம்மா, ஒன்பது. அழித்தேன். அப்பா, ஒன்பது. அழித்தேன். ஒவ்வொரு தடவையும் அழித்துக்கொண்டே இருந்ததால் எண் ஒன்பதிலேயே நின்றது. குடும்பமே ஒன்பது வாங்கிய மகிழ்ச்சியில் சாப்பிடப் போனோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. குத்துவிளக்கை எடுத்தேன். ஒன்பது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு படியேறி வந்தார்கள். எட்டு. கூட்டம் அசைகிறது, ஒரு மார்க் குறைவது நியாயம்தான் என்று நினைத்தேன். அவர்களை அப்பா கைகூப்பி வரவேற்றதற்கு ஏழு. அப்பா சிரிக்க மறந்துவிட்டார். சைதாப்பேட்டையிலிருந்து வந்த பெரியம்மா தன் புதுப்புடவையோடு தனியாக ஒன்று எடுக்கச் சொன்னாள். ஆறு. "எவ்ளோடா?" என்று ஆவலாகக் கேட்டாள், அம்மா ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. ஒன்பது என்று சொல்லிவிட்டேன். வரிசையாக வைத்திருந்த பழத்தட்டுகளுக்கு ஐந்து.

இங்கேதான் எனக்குக் கவலை தொற்றிக்கொண்டது. வெளிச்சம் மோசமாகிக்கொண்டே போகிறது என்று நினைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். இருக்கிற எல்லா விளக்கையும் போட்டேன். எதுவும் உதவவில்லை. அடுத்து நின்றவர் ஜெயா, முரளியின் சித்தி. கேமராவை உயர்த்தினேன். நாலு.

"ஆன்ட்டி, கொஞ்சம் நல்லா சிரிங்க. நாலுதான் வருது" என்றேன்.

"என்ன நாலு?"

"மார்க் ஆன்ட்டி. பத்துக்கு."

அவர் சிரிப்பதற்குப் பதிலாக வாயை இறுக மூடிக்கொண்டார். அப்படியே எடுத்துவிட்டேன். பக்கத்தில் முரளியின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒடுங்கிய உடம்பு, தடித்த கண்ணாடி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரை நோக்கித் திரும்பினேன். திரையைப் பார்த்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"எனக்கு எவ்ளோ தம்பி?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். பெரியம்மாவிடம் சொன்ன பொய் இவரிடம் வரவில்லை. "மூணும்மா" என்றேன். "வெளிச்சம் உங்க பின்னாலேர்ந்து வருது. அதான். உங்க மேல தப்பு இல்ல."

சித்தி எழுந்தே விட்டார். "பொண்ணு பாக்க வந்தப்போ நாங்க யாருக்கும் மார்க் போடல. இங்க என்னடான்னா மாப்பிள்ளையோட அம்மாவுக்கே மூணு போடறாங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சமையலறை வாசலில் அம்மா பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். உள் அறையின் கதவு இடுக்கில் சுதாவின் ஒரு கண் தெரிந்தது. ஒரு படத்துக்காக என்னை நம்பியவளுக்கு இப்போது சம்பந்தமே கைநழுவிப் போகும் போலிருந்தது.

"இரு ஜெயா" என்றார் முரளியின் அம்மா. பிறகு என்னிடம், "விளக்குக்கு எவ்ளோ தம்பி போட்டுச்சு?"

"ஒன்பதும்மா."

"நாங்க உள்ள வரும்போது?"

"எட்டு."

"உங்கப்பாவுக்கு?"

"ஏழு."

"உங்க பெரியம்மாவுக்கு?"

"ஆறு."

"ஆறா?" என்று பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "என்கிட்ட ஒன்பதுன்னானே."

"தட்டுக்கு அஞ்சா?" என்றார் முரளியின் அம்மா. நான் தலையாட்டினேன். "ஜெயாவுக்கு நாலு. எனக்கு மூணு." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன் தம்பி. எத்தனையோ பேப்பர் திருத்தியிருக்கேன். இப்படி வரிசையா ஒண்ணு ஒண்ணா மார்க் குறைஞ்சு நான் பாத்ததே இல்ல. அது மார்க் இல்லப்பா. மிச்சம். இன்னும் மூணு படம் எடுக்கலாம், அவ்ளோதான்."

பெட்டியில் வந்த சின்னக் கார்டு, நான் வைத்த உயர்ந்த தரத்தில் மொத்தமே ஒன்பது படத்தைத்தான் தாங்கும். ஸ்டூடியோக்காரரின் முப்பத்தாறை இளப்பமாகப் பேசியவனிடம் இருந்தது ஒன்பது. அதில் ஆறை விளக்குக்கும் பழத்துக்கும் செலவழித்துவிட்டேன்.

முதலில் சிரித்தது சித்திதான். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்ததில் விரல் பொத்தானில் பட்டு, பளிச்சென்று பிளாஷ் அடித்தது. சீலிங் ஃபேன் படமாகிவிட்டது.

"இப்ப ரெண்டு" என்றார் முரளியின் அம்மா.

சுதாவை வெளியே அழைத்து வந்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவை. என் தங்கை அவ்வளவு அழகு என்று அதுவரை நான் கவனித்ததில்லை. அப்பாவும் முரளியின் அப்பாவும் தட்டு மாற்றிக்கொண்டபோது நாலு திசையிலிருந்தும் "எடு, எடு" என்றார்கள். எடுத்தேன். ஒன்று பாக்கி. முரளியின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்து சுதாவின் தலையில் வைத்தார். இதுதான் அந்தப் படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அதே நொடியில் சுதாவின் புடவை மடிப்பைச் சரிசெய்யப் பெரியம்மா குனிந்தாள். திரை முழுக்கப் பெரியம்மாவின் முதுகு.

"பரவால்ல, அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாம்" என்றேன். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அழிப்பதுதான். முதலில் ஃபேனை அழிப்போம் என்று பொத்தானை அழுத்தினேன். 'இதுவா, எல்லாமா' என்று கேமரா கேட்டது. தோளுக்குப் பின்னால் பத்துத் தலைகள். பெரியம்மா தன் முதுகைத்தான் முதலில் அழிக்க வேண்டும் என்று கையை இழுத்தாள். அழுத்திவிட்டேன். திரையில் 'படங்கள் இல்லை' என்று வந்தது. மூலையில் மறுபடியும் 9.

"எத்தனை பாக்கி?" என்றார் முரளியின் அம்மா.

"ஒன்பதும்மா."

"எப்படி ஒன்பது வரும்?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டார்.

சுதா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரு படம்தானேண்ணா கேட்டேன்" என்றாள். வாழ்க்கையில் நான் வாங்கிய திட்டுகளில் இதற்கு இணையாக ஒன்று கிடையாது. அந்த இடத்தைவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

பூவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். பெரியம்மா பதறிவிட்டாள். "நல்லா இருக்கே. வெச்ச பூவை யாராவது எடுப்பாங்களா?" அம்மாவும் ஜெயா சித்தியும் அதையே சொன்னார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் முதல்முறையாக ஒரே கருத்தில் இருந்தார்கள். எடுக்கக் கூடாது.

"எடுக்க வேணாம்" என்றார் முரளியின் அம்மா. "மேலேயே இன்னொரு சரம் வைக்கறேன். கூடையில பூ இருக்கில்ல?"

வந்த பெண்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கூடையிலிருந்து இரண்டு முழம் மல்லிகை வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீடு அவருடைய வகுப்பாகிவிட்டது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் குனியவே கூடாது என்று அவர்தான் சொன்னார். பெரியம்மாவைத் தூரத்து நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டாவது சரத்தைச் சுதாவின் தலையில் வைக்கும்போது அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். சுதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நான் அழுத்தினேன்.

(என்ன சொன்னார் என்று சுதா பின்னால் சொன்னாள். "உங்கண்ணன் இதையும் கோட்டை விட்டா, அடுத்து பூந்தொட்டியைத்தான்மா தூக்கி வைக்கணும்.")

மிச்சம் எட்டுப் படத்தையும் அவர் சொன்னபடி எடுத்தேன். ஒன்றைக்கூட யாரும் அழிக்கவிடவில்லை.

சாயங்காலம் லஸ் முனையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். நான் பெருமைப்பட்ட ஐம்பது லட்சம் புள்ளிகள் அங்கே எனக்கு எதிராகத் திரும்பின. படங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். இரண்டு படம் சேர்த்தால் மெயில் போக மறுத்தது. வேகமும் நத்தை வேகம். சொன்ன நேரத்துக்குள் ஒன்றுதான் போகும் என்று தெரிந்துவிட்டது.

ஒன்பதில் ஒன்று. அம்மாவைக் கேட்டிருந்தால், சுதா தலைகுனிந்து அடக்கமாக நிற்கும் படத்தைத்தான் அனுப்பச் சொல்லியிருப்பாள். கல்யாணப்பெண் பல் தெரியச் சிரிக்கலாமா என்று அவளுக்கு ஒரு கருத்து உண்டு. நான் யாரையும் கேட்கவில்லை, கட்டமும் போடவில்லை. அந்தச் சிரிப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் முரளி போன் செய்தார். சுதாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். படம் அவருடைய கம்ப்யூட்டர் திரையைவிடப் பல மடங்கு பெரிதாகத் திறந்திருக்கிறது. முதலில் தெரிந்தது வெறும் மல்லிகைப் பூ மட்டும். கீழே நகர்த்தினால் இன்னும் பூ. அப்புறம் வகிடு, நெற்றி, புருவம். கண் வருவதற்கே நேரமாகியிருக்கிறது. "மெதுமெதுவா கீழ இறங்கி, கடைசியா சிரிப்பு வந்துச்சு மச்சான்" என்றார். "படத்தைச் சின்னதாக்கிப் பாக்கலாம்னு எனக்குத் தெரியும். பண்ணல."

அந்தக் கேமராவை வாங்கியதற்காக நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

அந்தப் படம் இப்போது அடையாறு வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. இரண்டு குடும்பங்களிலும் என்னை இன்றுவரை யாரும் விட்டுவைக்கவில்லை. ரசம் வைத்தால் மார்க், புடவை கட்டினால் மார்க். என் மனைவியைப் பெண் பார்க்கப் போன அன்று, கூட வந்த பெரியம்மா அவர்கள் வீட்டாரிடம் முதல் வேலையாக இந்தக் கதையைச் சொன்னாள். (தனக்கு ஆறு என்பதை மறக்காமல் சேர்த்தாள். அந்த ஆறை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.)

ஆனால் நான் செய்த நிஜமான காரியம் எவ்வளவு பெரியது என்பது போன தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஜெயா சித்தியின் கடைசி மகனுக்குப் பூ வைக்கிற விசேஷம், பெண் வீடு பாலவாக்கத்தில். உடம்பு முடியாமல் வராத சித்திக்குப் பதிலாக அவருடைய மூத்த மருமகள் பெண்ணின் தலையில் ஒரு சரம் பூ வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெண் எழுந்திருக்கப் போனாள். மருமகள் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, தட்டிலிருந்து இன்னொரு சரத்தை எடுத்து அதன் மேலேயே வைத்தாள்.

பெண்ணின் அம்மா குழம்பிப்போனார். "ரெண்டு தடவை வைக்கிறதா? எங்க பக்கம் அப்படி இல்லையே."

"எங்க குடும்பத்துல ரெண்டு தடவைதாங்க" என்றாள் மருமகள் உறுதியாக. "எங்க கல்யாணத்துக்கெல்லாம் அப்படித்தான் வெச்சாங்க. பரம்பரையா வர்றது."

நான் சுற்றிலும் பார்த்தேன். சிரிப்பவர் ஒருவரும் இல்லை. இரண்டாவது சரம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் மூன்று பேர்தான். சுதா பூத்தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முரளி என் காலை மிதித்தார். முரளியின் அம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முன்வரிசை நாற்காலியில் அதே தடித்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அம்மா பெரியவர் என்று அவரிடமே போய்க் கேட்டார்.

"ஏம்மா, எதுக்காக ரெண்டு தடவை?"

அவர் என்னை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

"அது ரொம்பப் பழைய வழக்கம்மா" என்றார். "காரணம் கேக்கக் கூடாது."

அந்தப் பெண்ணின் அம்மா பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, தன் இளைய மகளிடம் திரும்பி, இதை நினைவில் வைத்துக்கொள் என்று சொன்னார்.